நோயாளி ஓட்டம்

எங்கள் லுகாண்யா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. போடா-போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், மலேரியாவில் வலிப்பு கண்ட குழந்தைகள், பாம்பு கடித்த வாழைத்தோட்டக்காரர்கள், வலி எடுத்துக் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்த கர்ப்பிணிகள் என்று தரையெல்லாம் ஜனம் படுத்துக் கிடக்கும். தலைமை மருத்துவர் டாக்டர் கயோண்டோ வருஷம் தவறாமல் தலைநகருக்குப் போய் இன்னும் கொஞ்சம் கட்டில் கேட்பார். வருஷம் தவறாமல் ஒரு சுவர்க் காலண்டருடன் திரும்பி வருவார்.

பிறகு பெருந்தொற்று வந்தது. வண்டிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. மினிபஸ் ஓடக்கூடாது, கார் ஓடக்கூடாது, போடா-போடா ஆளை ஏற்றக்கூடாது. சில வாரங்களில் அவசரப் பிரிவின் நடைபாதை வெறிச்சோடியது. டாக்டர் கயோண்டோ ஒரு காலையில் அங்கே வந்து நின்று, தரையில் பதித்திருக்கும் ஓடு பச்சை நிறம் என்பதை முதல் முறையாகப் பார்த்தார். கண் கலங்கினார் என்றுகூடச் சொல்வார்கள்.

அந்த வியாதிக்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது வேறு. இதை எப்படி நிலைநிறுத்துவது என்று கேட்டார்.

அதற்காக ஒரு குழு அமைந்தது. 'நோயாளி ஓட்ட மேலாண்மைக் குழு' என்று பெயர். முதல் கூட்டத்திலேயே வாசல் காவலாளி ஒபோலோட் கை தூக்கினான்.

"ஐயா, நோயாளி எங்கய்யா ஓடுவான்? ஓட முடிஞ்சா இங்க ஏன் வர்றான்?"

"அந்த ஓட்டம் இல்லப்பா. ஆத்து ஓட்டம் மாதிரி," என்றார் டாக்டர் பொறுமையாக. "ஒரு பக்கமா வரணும், இன்னொரு பக்கமா போயிடணும். நடுவுல தேங்கக் கூடாது. தேங்கினா நாத்தம்."

ஒபோலோட் அதை மனதில் பதித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் யாரையும் தேங்க விட்டதில்லை.

தரையில் அம்புக்குறிகள் வரைந்தார்கள். காய்ச்சல் உள்ளவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்குப் பச்சை. சிவப்பு அம்பு மைதானத்தில் போட்டிருந்த புதிய கூடாரத்துக்குப் போனது. இருந்த டாக்டர்கள், கட்டில்கள், ஆக்சிஜன் உருளைகள் எல்லாம் அந்தக் கூடாரத்துக்கு மாறின. பச்சை அம்பு பழைய அவசரப் பிரிவின் கதவு வரைக்கும் போனது. கதவு பூட்டியிருந்தது. அங்கே யாரும் வருவதில்லை என்பதால் பூட்டியிருந்தார்கள். பூட்டியிருந்ததால் யாரும் வரவில்லை. இதை டாக்டர் கயோண்டோ 'தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஏற்பாடு' என்று தன் அறிக்கையில் எழுதினார்.

லுயோம்ப்யாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் மினிபஸ் டிரைவர். இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பன். எங்கள் பக்கத்தில் இரட்டை பெற்றவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், நலோங்கோ என்போம். அதனால் அவர் மனைவி நகபூகோ ஊருக்கெல்லாம் நலோங்கோ. அவருக்கும் நலோங்கோதான். ஊரடங்கு வந்ததிலிருந்து அவருடைய மினிபஸ் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்றது. கடைசி இருக்கையில் ஒரு கோழி அடைகாத்தது. லுயோம்ப்யா காலையில் போய்க் கண்ணாடியைத் துடைப்பார், ஹாரனை ஒருமுறை அடிப்பார், கோழி திட்டும், திரும்பி வருவார்.

அன்று காலை கட்டோகோ முன்னால் உட்கார்ந்தவர் கை வைக்கவில்லை. குடலும் வாழைக்காயும் சேர்த்து வேகவைத்தது, அவருக்கு உயிர்.

"என்னங்க, ஆறிப்போகுது," என்றாள் நலோங்கோ.

"நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு."

"யாரு?"

"நல்ல கனமான ஆளு. டிக்கெட் வாங்காம ஏறிட்டான்."

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றி முழுக்க வேர்வை. இடது கையைத் தொடையில் வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க. இல்ல, நீங்க வேணாம், பக்கத்துல யாரையாவது ஓட்டச் சொல்லுவோம். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வண்டி எடுத்தா பிடுங்கிக்குவாங்க நலோங்கோ. அனுமதிச் சீட்டு வேணும்."

அனுமதிச் சீட்டு மாவட்டச் செயற்குழு அலுவலகத்தில் கிடைக்கும். நோயாளி நேரில் வந்து கேட்க வேண்டும். நேரில் வருவதற்கு வண்டி வேண்டும். வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். செயற்குழுவுக்குத் தொலைபேசி இருந்தது. நலோங்கோ அடித்தபோது ஒரு பெண் குரல் கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தது. விரல் இடுக்குகள் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு வைத்துவிட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி கை கழுவினார்கள்.

அப்போது தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கடவுளே அனுப்பிய மாதிரி அவர்கள் சந்துக்குள்ளேயே வந்தது. கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, "வீட்டிலேயே இருங்கள்! பத்திரமாக இருங்கள்! அவசரம் என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்!" என்று அலறியது. நலோங்கோ செருப்பில்லாமல் அதன் பின்னால் ஓடிப் பக்கவாட்டுக் கதவைத் தட்டினாள். டிரைவர் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினான்.

"வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி தம்பி! அஞ்சாவது வீடு!"

"கூப்பிடுங்கக்கா. அதான் மைக்ல சொல்றோமே."

"கூப்பிட்டுக்கிட்டுதானே இருக்கேன்! உன் கண்ணு முன்னாலதானே நிக்கிறேன்!"

"இது அறிவிப்பு வண்டிக்கா. பின்னால பாருங்க, படுக்கைய எடுத்துட்டு ஜெனரேட்டர் வெச்சிருக்காங்க. மைக்குக்கு."

"அப்ப ஆம்புலன்ஸ் எங்க?"

அவன் உண்மையில் நல்ல பையன். யோசித்துப் பார்த்தான். "இதுதான் ஆம்புலன்ஸ்," என்றான் வருத்தமாக. வண்டி நகர்ந்தது.

பக்கத்து வீட்டு நசூனா வேலிக்கு மேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கொத்தனார், தலைநகரில் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை இழுத்து வந்தாள். காய்ந்த சிமெண்டைச் சுரண்டி, உள்ளே ஒரு தலையணையும் போட்டிருந்தாள். இடுப்பில் அவள் மகள் தேந்தோ, மூன்று வயது, விரல் சப்பியபடி.

"பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். நீ கிளம்புக்கா."

லுயோம்ப்யா தள்ளுவண்டியைப் பார்த்தார். "ஜன்னலோர சீட் இருக்கா?" என்றார். ஏறுவதற்கு இரண்டு பெண்களும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

ஊரில் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறக்கியவர் அவர். அந்தச் சாலையில் எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு உடம்பே சொல்லும். "இடது பக்கம் ஒடி... மெதுவா... இப்ப விடு," என்று முனகிக்கொண்டே வந்தார். நலோங்கோ தள்ளினாள். கைப்பிடியில் தோல் உரிந்தது.

சோதனைச் சாவடியில் சிப்பாய் கை காட்டினான்.

"வாகனத்துக்கு அனுமதி இருக்கா?"

"இது வாகனமா ஐயா?"

"சக்கரம் இருக்கே."

"ஒரே ஒரு சக்கரம்."

சிப்பாய் தள்ளுவண்டியைச் சுற்றி வந்தான். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு, காருக்கு நான்கு, லாரிக்கு அதற்கு மேல் என்று உத்தரவு இருந்தது. ஒரு சக்கரத்தைப் பற்றி மேலிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாக்கி-டாக்கியில் மேலதிகாரியைக் கேட்டான். மேலதிகாரி தன் மேலதிகாரியைக் கேட்டார். வெயில் ஏறியது. லுயோம்ப்யா கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பதில் வந்தது. ஒரு சக்கரம் போகலாம், ஆனால் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒபோலோட் வெப்பமானித் துப்பாக்கியை லுயோம்ப்யாவின் நெற்றிக்கு நேரே நீட்டினான். பார்த்தான். மலர்ந்தான்.

"காய்ச்சலே இல்ல! உடம்பு ஜில்லுனு இருக்கு! அருமை. பச்சை அம்பு."

பச்சை அம்பின் முடிவில் பூட்டிய கதவு. நலோங்கோ தட்டினாள். மறுபடி தட்டினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கதவு பூட்டியிருக்கு தம்பி."

"ஆமாக்கா. அங்க யாரும் வர்றதில்ல."

"நாங்க வந்திருக்கோமே!"

"டாக்டர் எல்லாரும் சிவப்புப் பக்கம். அதுக்குக் காய்ச்சல் வேணும். குறைஞ்சது இருமலாவது." குரலைத் தாழ்த்தினான். "அண்ணனை இருமச் சொல்லுங்க."

லுயோம்ப்யா இருமிப் பார்த்தார். நெஞ்சில் இருந்த ஆள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு சின்ன சத்தம் மட்டும் வந்தது.

"இது போதாதுண்ணே," என்றான் ஒபோலோட். அவன் முகம் வாடியிருந்தது. "மனசார இருமணும்."

சிவப்புக் கூடாரத்திலிருந்து சிஸ்டர் கெமிகிஷா ஏதோ எடுக்க ஓடிவந்தாள். லுயோம்ப்யாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். கிட்டே வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "எப்பருந்து?" என்றாள். நலோங்கோ சொல்லத் தொடங்குவதற்குள் பின்னால் டாக்டர் கயோண்டோவின் குரல் கேட்டது.

"வந்துட்டாரா? அப்பாடா!"

அன்று மண்டல ஆய்வாளர் அம்மையார் வருகிற நாள். நோயாளி ஓட்டத்தை நேரில் காட்ட வேண்டும். ஓட்டத்தைக் காட்ட ஒரு நோயாளி வேண்டும். கூடாரத்தில் யாரும் இல்லை, காய்ச்சல்காரர்களும் வந்துசேர வண்டி இல்லாததால். அதற்காகப் பள்ளிக்கூட நாடக வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். வாத்தியாருக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. காலையிலிருந்து டாக்டர் கயோண்டோ வாசலுக்கும் கூடாரத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், இவர் வாத்தியார் இல்ல. இவருக்கு நிஜமாவே நெஞ்சு வலி," என்றாள் கெமிகிஷா.

"நெஞ்சு வலியா? நம்ம பாத்திரம் மூச்சுத் திணறல் ஆச்சே." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்ல. மாஸ்க் போட்டா ஒண்ணுதான். ஏம்மா, இவர் உன் வீட்டுக்காரரா? கவலைப்படாதே. இப்ப இவருக்குக் கிடைக்கப்போற கவனிப்பு இந்த நாட்டுல யாருக்கும் கிடைச்சதில்ல."

அது பொய்யில்லை. ஆய்வாளர் அம்மையாரும் தொலைக்காட்சிக்காரர்களும் வந்து இறங்கியதும் விசில் ஊதியது. நான்கு பேர் முழுக் கவச உடையில் ஓடிவந்து லுயோம்ப்யாவைத் தூக்கினார்கள். சக்கரப் படுக்கை சிவப்பு அம்பின் மேல் பறந்தது. ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். கூடாரத்துக் கட்டிலில் வெள்ளைத் துப்பட்டி கண்ணைப் பறித்தது. ஒருவர் முகத்தில் ஆக்சிஜன் மூடியைப் பொருத்தினார், ஒருவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். உருளை புதிது, நீல வர்ணம் பளபளத்தது. குழாயைத் திறக்கவில்லை. பயிற்சிக்காகக் காற்றை வீணடிக்கக் கூடாது என்று குழு முடிவெடுத்திருந்தது.

நலோங்கோவைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். "அவரு நடிக்கல! நிஜமாவே நோயாளி!" என்று கத்தினாள். ஒபோலோட் அவள் தோளைத் தொடாமல், கையை மட்டும் காற்றில் நீட்டி, "அக்கா, அக்கா," என்றான். ஆய்வாளர் அம்மையார் திரும்பிப் பார்த்தார்.

"உறவினர்களையும் பயிற்சியில சேத்திருக்கீங்களா? ரொம்ப இயல்பா இருக்கு."

டாக்டர் கயோண்டோ அடக்கமாகத் தலை குனிந்தார். பிறகு ஒலிவாங்கியின் முன் நின்றார்.

"அம்மையாரே! இதே ஆஸ்பத்திரியில போன வருஷம் இந்நேரம் நீங்க வந்திருந்தா நிக்க இடம் இருந்திருக்காது. எங்க பாத்தாலும் வியாதிக்காரங்க. கட்டில் கேட்டோம், கிடைக்கல. டாக்டர் கேட்டோம், கிடைக்கல. அப்பதான் ஒரு உண்மை புரிஞ்சது. கட்டிலைக் கூட்ட முடியலன்னா என்ன? நோயாளியைக் குறைக்கலாமே! குறைச்சோம். இன்னிக்கு இந்த மாவட்டத்துல விபத்து இல்ல, மலேரியா இல்ல, மாரடைப்பு இல்ல. எங்க அவசரப் பிரிவுல இந்த மாதம் ஒருத்தர்கூட சாகல. ஏன்னா ஒருத்தர்கூட வரல!"

கைதட்டல். கட்டிலில் இருந்த லுயோம்ப்யா மெதுவாக வலது கையைத் தூக்கினார். விரல்கள் கயிற்றுப் பக்கம் எதையோ தேடின.

"பாருங்க, நன்றி சொல்றார்," என்றார் டாக்டர். கைதட்டல் இன்னும் பலமானது.

கெமிகிஷா முகமூடியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து அவர் நாடியைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். "டாக்டர், ஒரு நிமிஷம். துடிப்பு சரியில்ல."

"சிஸ்டர்," என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், "உங்க வசனம் அது இல்ல."

விருந்தினர்கள் சாப்பிடப் போனார்கள். வாழையிலையில் பொதிந்து வேகவைத்த கோழியும் வாழைக்காய் மட்டோகேயும் மணந்தன. டாக்டர்களும் கூடவே போனார்கள். குழுவின் உதவிச் செயலாளர் கூடாரத்துக்குள் வந்து, "பயிற்சி முடிஞ்சது, நோயாளி நலமடைஞ்சாச்சு," என்று அறிவித்தார். துப்பட்டியை மடித்தார்கள். கட்டிலையும் மடிக்க வேண்டியிருந்தது, சாயந்திரம் அதே கட்டில்கள் இன்னொரு ஊர் ஆய்வுக்குப் போக வேண்டும். லுயோம்ப்யாவைத் தள்ளுவண்டியில் இறக்கினார்கள். வெளியே போகும் அம்புக்குறியைக் காட்டினார்கள்.

"நான் டாக்டரைக் கையோட இழுத்துட்டு வர்றேன்," என்று கெமிகிஷா சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி ஓடினாள்.

நலோங்கோ வண்டியை மாமரத்து நிழல் வரைக்கும் தள்ளினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மண்டியிட்டு அவர் முகத்தைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"கைதட்டினாங்களே," என்றார் அவர். குரல் காற்றாக இருந்தது. "எதுக்கு?"

"உங்களுக்குத்தான்."

"நான் ஒண்ணும் பண்ணலையே."

அவள் கையைத் தேடிப் பிடித்தார். "கோழி குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பஸ்ல அந்தக் கடைசி சீட்டை யாரும் தொடாதீங்க," என்றார். பிறகு அவள் பெயரைச் சொன்னார். நலோங்கோ என்று இல்லை. நகபூகோ என்றார். கல்யாணம் ஆன புதிதில் அப்படிக் கூப்பிட்டது.

கெமிகிஷா ஒரு இளம் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் வாயில் இன்னும் கோழி இருந்தது. அவன் குனிந்து பார்த்துவிட்டு, விழுங்க முடியாமல் அப்படியே நின்றான். கெமிகிஷா மண்ணிலேயே முட்டி போட்டு மார்பை அழுத்தினாள். வெகுநேரம் அழுத்தினாள். நலோங்கோதான் கடைசியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிணவறைக்காரர் உடலை வாங்க மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்குத்தான் இடம். இவர் அனுமதிக்கப்படவில்லை, பயிற்சிக்கு வந்தவர், அதிலும் நலமடைந்து போனவர். எங்கே இறந்தார் என்று கேட்டார்கள். மாமரத்தடி என்றாள். மாமரம் எந்தப் பிரிவின் கீழும் வரவில்லை. அந்த மாத அறிக்கையிலும் அவசரப் பிரிவு மரணம் 'இல்லை' என்றே போனது. அது தவறும் இல்லை.

நலோங்கோ புருஷனை அதே தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாவடிச் சிப்பாய் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அடக்கத்துக்குச் சொந்தத்தில் சிலர்தான் வரலாம் என்று உத்தரவு. நாங்கள் எல்லோரும் அவரவர் வேலிக்குள் நின்றோம். அவர் வண்டியில் போகாதவர் எங்களில் யாரும் இல்லை. பெட்டி கடந்தபோது யாரோ ஒருவர் தன் வீட்டில் நின்றிருந்த காரின் ஹாரனை நீளமாக அழுத்தினார். பிறகு இன்னொருவர். தெரு முழுக்க, நகரக் கூடாத வண்டிகளெல்லாம் நின்ற இடத்திலேயே ஹாரன் அடித்தன. இரட்டையர் வாஸ்வாவும் கதோவும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மழைக்காலம் தொடங்கி, ஊரில் கொசு பெருகிய நேரம். ஊரடங்கு இன்னும் முழுதாகத் தளரவில்லை. ஒரு காலையில் நலோங்கோவின் தொலைபேசி அடித்தது.

"வணக்கம்மா! லுகாண்யா ஆஸ்பத்திரி, நோயாளி ஓட்டக் குழுவிலிருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ரொம்பப் பிரமாதமா பண்ணினார். தலைநகர்ல எல்லாரும் படத்தைப் பாத்துட்டாங்க. இன்னிக்கு அமைச்சகத்துலருந்து ரொம்பப் பெரியவர் ஒருத்தர் வர்றார். அவரையே மறுபடி அனுப்ப முடியுமா?"

நலோங்கோ பலாமரத்தடியில் நின்ற மினிபஸ்ஸைப் பார்த்தாள்.

"வண்டி பத்தி யோசிக்கறீங்களா? அந்தக் கவலையே வேணாம். ஆம்புலன்ஸ் உங்க வாசலுக்கே வரும். உடனே வரும்."

தொலைபேசியை வைத்துவிடத்தான் அவள் விரலை நகர்த்தினாள். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து நசூனாவின் அலறல் கேட்டது. தேந்தோவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஈரத்துணி போட்டுப் பார்த்தார்கள், கடையில் வாங்கிய மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது குழந்தையின் கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் நலோங்கோ. "அவரு வர முடியாது. வேற ஆள் இருக்கு. அவரைவிட நல்லா பண்ணும். வண்டிய அனுப்புங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. அதே பையன்தான் ஓட்டி வந்தான். ஜெனரேட்டரை இறக்கிவிட்டுப் படுக்கையைப் போட்டிருந்தார்கள். நலோங்கோவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். சாவடியில் சிப்பாய் சல்யூட் அடித்தான். வழியில் நலோங்கோ நசூனாவின் காதில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அங்க போய் நிஜம்னு மட்டும் சொல்லிடாதே. அழாதே. என்ன கேட்டாலும் பயிற்சின்னு சொல்லு."

விசில் ஊதியது. படுக்கை பறந்தது. குழந்தை நோயாளி என்றதும் டாக்டர் கயோண்டோவுக்கு உற்சாகம் தாளவில்லை, படத்தில் குழந்தை நன்றாக வரும். பேச்சு முடிந்தது, கைதட்டல் முடிந்தது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பினார்.

அப்போது நலோங்கோ கயிற்றைக் குனிந்து தாண்டி உள்ளே போனாள். பெரியவர் முன்னால், எங்கள் வழக்கப்படி, மண்டியிட்டாள்.

"ஐயா, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. எங்க டாக்டருங்க இன்னும் முக்கியமான கட்டத்தைக் காட்டல. ஊசி போட்டு மருந்து ஏத்தறதுதான் இங்க விசேஷம். அதையும் பாத்துட்டு ஒரு வார்த்தை பாராட்டிட்டுப் போங்கய்யா. ராத்திரி பகலா ஒத்திகை பாத்திருக்காங்க."

டாக்டர் கயோண்டோ வாயைத் திறந்தார். கேமரா அவர் பக்கம் திரும்பியது. வாயை மூடினார்.

"அப்படியா? பாக்கலாமே," என்றார் பெரியவர்.

"சிஸ்டர்," என்றார் டாக்டர், "நிகழ்ச்சியைத் தொடருங்க."

கெமிகிஷா அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தாள். மலேரியா மருந்தை எடுத்து வந்தாள். மெல்லிய கையில் நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து ஊசியை ஏற்றினாள். இளம் டாக்டர் வலிப்புக்கு மருந்து கொடுத்தான், சர்க்கரைத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பெரியவர் ஆக்சிஜன் உருளையைத் தட்டிப் பார்த்து, "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். அவருக்குக் காட்டுவதற்காகக் குழாயைத் திறந்தார்கள். தேந்தோவின் மார்பு ஏறி இறங்கியது. வெட்டு நின்றது. நசூனா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சொன்னபடியே, அழாமல் நின்றாள்.

"தத்ரூபம்," என்றார் பெரியவர்.

அவர் போன பிறகு உதவிச் செயலாளர் கட்டிலை மடிக்க வந்தார். நலோங்கோ கட்டிலின் மேல் ஏறிக் குழந்தையின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "பயிற்சி முடிஞ்சதும்மா, இறங்குங்க," என்றார். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கெமிகிஷா அவர் எதிரில் போய் நின்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு கட்டிலை மடிக்கப் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. பிற்பகலில் தேந்தோ கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். நசூனா அதைக் கேட்டதும்தான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு கஞ்சி தேடிக்கொண்டு மழையிலேயே வெளியே ஓடினாள்.

கூடாரத்தில் இரண்டு பெண்களும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படி இது தோணிச்சு நலோங்கோ?" என்றாள் கெமிகிஷா.

நலோங்கோ தேந்தோவின் பாதத்தைத் துப்பட்டிக்குள் தள்ளி மூடினாள்.

"அன்னிக்கு நான் கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு, நிஜம் நிஜம்னு கத்தினேன் சிஸ்டர். அதுதான் தப்பாப் போச்சு. ஆமாய்யா, நடிக்கிறாருதான், இன்னும் மிச்சம் இருக்கு, இருந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தா, அந்தக் குழாயைத் திறந்திருப்பாங்க."

கெமிகிஷா கையுறைகளைக் கழற்றினாள். கட்டிலின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தாள். மழைச் சத்தத்தில், கஞ்சி வரும்வரைக்கும், இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.